தண்ணீர்த் தொட்டியோடு திரும்பியிருக்க வேண்டும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா சொல்லச் சொல்லப் பாப்பா எழுதுகிறாள். இங்கே நான், உன் அம்மா, பாப்பா மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் கம்மியிருந்தது, கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாய், குளிர்க் கிடங்கில் வேலை செய்கிறவன் காதை மூடாமல் திரிந்தால் குரல் எப்படி நன்றாக இருக்கும். இரண்டு காலுறை போட்டுக்கொள்ளச் சொல் என்று அம்மா சொல்கிறாள், ஒன்றின் மேல் ஒன்றாக. போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் உன்னை யாரோ கூப்பிட்டுவிடுகிறார்கள், எனக்கும் முக்கியமான விஷயம் என்றால் போனில் வாய் வராது, அதனால்தான் எழுதச் சொன்னேன்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இப்போது பகல் முறை. புதிதாக ஒரு பெரிய இயந்திரம் வந்திருக்கிறது, அது போர்வையை எல்லாம் பிழிந்தே கொடுத்துவிடுகிறது, ஆனாலும் அம்மாவுக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை, கையால் இன்னொரு தடவை முறுக்கிப் பார்க்கிறாளாம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகியதை நானே வாஷர் மாற்றிச் சரிசெய்துவிட்டேன். பக்கத்துக் கடை டயர்க்காரர் உன்னை விசாரித்தார், கல்யாணம் எப்போது என்று கேட்டார், நான் உன்னிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். யாராவது கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லு.

வண்டி விழுந்த கதையைச் சித்தப்பா உன்னிடம் சொல்லிவிட்டான். அவன் பாதி சொல்வான், பாதி சேர்த்துச் சொல்வான், அதனால் நானே சொல்கிறேன். கோர்ட் குமாஸ்தா ஒருவர் நம் மெக்கானிக் கடைக்கு வருவார், உனக்கு நினைவிருக்கும், முன்பு ஸ்கூட்டர் வைத்திருந்தார். ஐம்பத்தாறு வயதில் அவருக்கு என்ன தோன்றியதோ, ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கிவிட்டார். பச்சை வண்டி, பச்சை ஹெல்மெட், அதைப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால் வெட்டுக்கிளி மாதிரியே இருக்கிறது, தெருவில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவருக்கும் தெரியும், கோபப்படமாட்டார். அந்த வண்டியில் உட்கார முடியாது பெரியவனே, படுக்கத்தான் வேண்டும். நீ பாப்பாவுக்கு விட்டுப்போன பழைய பைக், நம் கழுதையில் முதுகை நிமிர்த்தி நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி போகலாம். இதில் கைப்பிடி கீழே, கால்வைக்கும் கட்டை பின்னால், உடம்பின் எடை முழுக்க மணிக்கட்டில் வந்து நிற்கும். கழுதையை முறுக்கினால் யோசித்துவிட்டு வரும், இது நாம் நினைப்பதற்குள் போயிருக்கும். வேகமாகப் போனால் முன் பிரேக் ஒரு மாதிரி இருக்கிறது என்று கொண்டுவந்தார். பிரேக் பேட், அது கவ்வும் டிஸ்க் தட்டு எல்லாம் துடைத்து, பிரேக் எண்ணெய் மாற்றி, ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோனேன். திரும்பும் இடத்தில் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. போட்டுவிட்டேன். அடி ஒன்றும் இல்லை. ஆனால் முப்பது வருஷம் அடுத்தவர் வண்டியைத் தொட்டுப் பிழைத்தவன், வண்டியைக் கீழே போட்டால் அதற்கு மேல் அந்த வேலையைச் செய்யக்கூடாது. நீ சொன்னபடியே கடையை மூடிவிடுகிறேன். சித்தப்பா அட்டைப்பெட்டி அடுக்க இடம் தேடிக்கொண்டிருக்கிறான், மாதக் கடைசியில் சாவியை அவனிடம் கொடுத்துவிடுகிறேன். பாப்பாவுக்கு ஏதாவது ஷோரூமில் பில் போடும் வேலை கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும்.

அண்ணா, இதுவரை அப்பா சொன்னது. இனி எழுதுவது நான். பெரிய லாரி டயர் ஒன்றைப் பிடிக்க ஆள் இல்லை என்று டயர்க்காரர் கூப்பிட்டார், ரெண்டு நிமிஷம் பாப்பா, அப்படியே நிறுத்தி வை என்று அப்பா போயிருக்கிறார். லாரி டயர் இரண்டு நிமிஷத்தில் முடியாது. அதற்குள் எழுதிவிட வேண்டும்.

வண்டியைக் கீழே போட்டது அப்பா இல்லை. நான்.

கண் சரியாகத் தெரியவில்லை என்று மேலே இருக்கிற வரியை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. என்ன பாப்பா, மை தீந்துடுச்சா என்று அப்பா கேட்டார். ஆமாம் என்று பேனாவை உதறிவிட்டு எழுதினேன். அப்பாவுக்கு இந்த வயதிலும் ஊசியில் நூல் கோக்கிற கண். அவருக்குப் பொய் சொல்லவே வராது அண்ணா. டயர்க்காரரிடம் ரோட்டில் மணல் என்றார், அம்மாவிடம் பூனை குறுக்கே வந்தது என்றார், உன்னிடம் கண் என்கிறார். மூன்று பேரும் ஒரே நாளில் சந்தித்துக்கொண்டால் மாட்டிக்கொள்வார். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, உடனே சீ என்றிருக்கிறது.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் நடந்தது. அப்பா பல் வலிக்கு டாக்டரிடம் போயிருந்தார். குமாஸ்தா சாயங்காலம் வண்டியை எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார், வேலை எல்லாம் முடிந்துவிட்டது, ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி. எனக்கு லைசென்ஸ் வந்ததிலிருந்து சின்ன வண்டிகளை நானும் ஓட்டிப் பார்க்கிறேன், இந்தப் பச்சை வண்டியை மட்டும் அப்பா என்னிடம் கொடுத்ததில்லை, கொடுக்கமாட்டேன் என்றும் சொன்னதில்லை. நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். அடுத்தவர் வண்டியை எடுப்பதற்கு முன்னால் நம் வண்டியில் அதே வழியில் ஒரு சுற்று போய்வர வேண்டும், அப்போதுதான் கைக்கும் காதுக்கும் ஒரு அளவு இருக்கும். அந்த வழக்கத்தை நான் விடவில்லை. கழுதையில் போனேன். பேங்க் முனை வேகத்தடையில் அது எப்போதும்போல முனகியது, மரக்கடை நீளச் சுவரோரம் போகும்போது அதன் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது, நாலாவது கியரில் டப்பாவில் கல் போட்ட மாதிரி. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். பிறகு குமாஸ்தா வண்டியோடு விட்டுப்போன ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பச்சை வண்டியை எடுத்தேன்.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை. வேகத்தடை வந்ததே தெரியவில்லை. மரக்கடைச் சுவரோரம் முறுக்கினேன், சுவரிலிருந்து திரும்பி வந்த சத்தம் பட்டுத்துணியை ஒரே இழுப்பில் கிழித்த மாதிரி இருந்தது. வயிறு பின்னால் நின்றுவிட, நான் மட்டும் முன்னால் போய்விட்டேன். சுவர் முடியும் இடத்தில் முன் பிரேக்கைப் பிடித்தபோது, வலது கை விரலில் லீவர் துடித்தது. நாடி பார்க்கும்போது தெரியுமே, அந்த மாதிரி. மெதுவாகப் போகும்போது அது இல்லை. இன்னொரு தடவை வேகமாகப் போய்ப் பிடித்துப் பார்த்தேன், மறுபடி துடித்தது. குமாஸ்தா சொன்ன குறை அப்படியே இருக்கிறது, போனதும் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டியும் வந்துவிட்டது. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும் அண்ணா.

நான் திரும்பவில்லை. தொட்டியைத் தாண்டிப் போனால் காலேஜ் பஸ் ஸ்டாப். என்னோடு பத்தாவதில் படித்தவர்கள் மூன்று பேர் அந்த நேரத்தில் அங்கே நிற்பார்கள், எனக்குத் தெரியும். வகுப்பில் பேர் கூப்பிட்டால்கூட எனக்கு வாய் திறக்காது, அவர்கள் என்னை ஊமைக்கோட்டான் என்பார்கள். நான் படிப்பைப் பாதியில் விட்டதற்கு அவர்கள் காரணம் இல்லை, அது என் பயம்தான், இருந்தாலும் கழுதையில் அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவேன். அன்றைக்கு நேராகப் போனேன். அவர்கள் முன்னால் போகும்போது வேண்டுமென்றே முறுக்கினேன். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் ஹெல்மெட் கண்ணாடி மூடியிருந்தது, நான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் திரும்பி வந்து, அவர்கள் பக்கத்தில் மெதுவாகப் போய், கண்ணாடியைத் தூக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நம் கழுதையை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பக்கம் ஒரு கண்ணாடி, இன்னொரு பக்கம் வேறு வண்டியின் கண்ணாடி, சீட்டில் ஒட்டு. கடையை நினைத்தும் வெட்கமாக இருந்தது. அப்பாவை நினைத்தும் இருந்தது என்று எழுதாவிட்டால் அதுவும் பொய்தான்.

அந்த இடத்தில் ரோடு குறுகல். கழுதை என்றால் கைப்பிடியை ஒடித்து ஒரே வளைவில் திருப்பிவிடலாம், அன்றைக்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் அப்படித் திருப்பியிருந்தேன், கையில் அந்த அளவுதான் இருந்தது. பச்சை வண்டியின் கைப்பிடி அவ்வளவு ஒடியாது. கொஞ்சம் திரும்பியதும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கைப்பிடிக்கும் பெட்ரோல் டாங்கிக்கும் நடுவில் என் கட்டைவிரல் நசுங்கியது. எதிரே சாக்கடை ஓரக் கல். பயந்துபோய் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன், சக்கரம் திரும்பியிருக்கும்போது அதைப் பிடிக்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வண்டி வலது பக்கம் சாய்ந்தது. கழுதையைத் தாங்குகிற மாதிரி காலை ஊன்றினேன், இது இரண்டு கழுதை எடை. நடக்கிற வேகத்தில்கூட இல்லை, நின்ற இடத்தில் விழுந்தேன். அவ்வளவு வேகமாக ஓட்டியவள் நின்ற இடத்தில் விழுந்தேன்.

சைலன்சர் கெண்டைக்காலில் பட்டுத் தோல் போய்விட்டது, இன்னும் அம்மாவுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் ஓடி வந்து வண்டியைத் தூக்கிக் கொடுத்து, பாத்து ஓட்டக்கூடாதா சார் என்றார். சார் என்றார் அண்ணா. பஸ் ஸ்டாப்பிலிருந்து சத்தமாகக் கேட்டது, அய்யோ, வெட்டுக்கிளி அங்கிள் விழுந்துட்டாருடி என்று. மூன்று பேரும் சிரித்தார்கள். வண்டியும் ஹெல்மெட்டும் அவருடையது, என்னை அவர் என்று நினைத்துவிட்டார்கள். நான் கண்ணாடியைத் தூக்கவில்லை. அந்த மனுஷர் பேரிலேயே விழுந்துவிட்டு, அவர் பேரிலேயே கிளம்பி வந்தேன்.

அப்பா வந்து பார்த்தார். பக்கத் தகட்டில் கீறல், பிரேக் லீவர் வளைந்திருந்தது. என் முகத்தைப் பார்த்து, அடி பட்டுச்சா என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். வேறு லீவர் போட்டார், தெருக் கோடி வரை மெதுவாக ஓட்டிப் பார்த்தார், அதற்குள் குமாஸ்தா வந்துவிட்டார். நான் வாயைத் திறக்கலாமா என்று நினைப்பதற்குள் அப்பா, நான்தான் சார் கீழ போட்டுட்டேன், மன்னிச்சிடுங்க, பிரேக் சரியாயிடுச்சு என்று சொல்லிவிட்டார். நீங்களா மாஸ்டர் என்றார் அவர். கொஞ்ச நேரம் கீறலைத் தடவிவிட்டு மறுபடியும், நீங்களா என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த ஸ்பேனரையே துடைத்துக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவரிடம் கேட்கத் தேவையில்லை. ஒரு பெண் வண்டியைக் கீழே போட்டாள் என்று பேச்சு வெளியே போனால், அவருக்குப் பிறகு இந்தக் கடையில் யாரும் என்னை நம்பி வண்டி விடமாட்டார்கள் என்றுதான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உனக்குச் சித்தப்பா சொல்லியிருப்பார். பேப்பர் ஏஜெண்ட் தன்னுடைய நாலு வண்டியையும் வேறு கடைக்குக் கொண்டுபோய்விட்டார். டயர்க்காரர் விளையாட்டாக, மாஸ்டர், பேசாம மூணு சக்கரம் வாங்கிக்கோங்க என்கிறார். அப்பா அதற்கும் சேர்ந்து சிரிக்கிறார். அம்மா தினமும் சாப்பாடு போடும்போது, இந்த வயசுல படுத்துக்கிட்டு ஓட்டுற வண்டி கேக்குதா உங்களுக்கு, எலும்பு உடைஞ்சா யாரு பாக்குறது என்று திட்டுகிறாள். அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன். முதல் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மூன்றாம் நாளிலிருந்து இறங்கியது, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நீ போனில் கடையை மூடுங்க அப்பா என்று சொன்னபோதும் நான் பக்கத்தில்தான் நின்றேன். பாப்பாகிட்ட குடுங்க என்றாய். நல்லாருக்கேன் அண்ணா என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இது எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று இருக்கிறது. பிரேக் துடித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேகமாக ஓட்டியது யார் என்று வந்துவிடும். அப்பா ஓட்டிப் பார்த்த வேகத்தில் அது தெரியாது. குமாஸ்தா ஆமை வேகத்தில் போகிறவர், சைக்கிள்காரர்கள்கூட மணியடித்து வழி கேட்பார்கள், வீடு விட்டால் கோர்ட், கோர்ட் விட்டால் வீடு, அவருக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், அப்பா உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, டயர்க்காரர் எட்டிப் பார்த்து, வெட்டுக்கிளி ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவ பின்னால உக்காரவச்சுக்கிட்டு மலைப்பாதையில போறாராம்ல என்றார். அப்பா சிரித்தார். இன்றைக்கு வியாழக்கிழமை. மலை இறக்கத்தில் எல்லாரும் வேகமாகத்தான் வருவார்கள், ஆமையும் வரும்.

அப்பா கை கழுவுகிற சத்தம் கேட்கிறது. கடிதம் முடிந்ததும் முழுதாகப் படித்துக் காட்டு என்பார். படிக்கப் போகிறேன்.

இது வெள்ளிக்கிழமை காலையில் எழுதுகிறேன் அண்ணா. நேற்று அப்பா பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, ம் படி என்றார். அவர் சொன்னதைப் படித்தேன். நிறுத்தாமல் நான் எழுதியதையும் படித்தேன். பஸ் ஸ்டாப் வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார், திரும்பி வந்து படித்தேன். அவரை நினைத்து வெட்கப்பட்டேன் என்ற வரியை விட்டுவிடலாமா என்று பார்த்தேன், விடவில்லை. முடித்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். எந்த ஸ்பீடுல துடிச்சுது என்று கேட்டார். அறுபதுக்கு மேல என்றேன். விரலுக்கா, கைப்பிடிக்கேவா என்றார். விரலுக்கு என்றேன். டிஸ்க் வளைஞ்சிருக்கு என்று சொல்லிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். முப்பதுல ஓட்டிட்டு பிரேக் சரியாயிடுச்சுன்னு வாய் கூசாம சொல்லிட்டேனே பாப்பா, உன் மேல பழி வந்துடக்கூடாதுன்னு அவசரத்துல வண்டிய கையில குடுத்து அனுப்பிட்டேனே என்றார். அப்பாவை அப்படி நான் பார்த்ததில்லை. என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சட்டையை மாற்றிக்கொண்டு, வா என்றார். குமாஸ்தா வீட்டுக்கு நடந்தே போனோம். அவர் வாசலில் உட்கார்ந்து ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாங்க மாஸ்டர் என்று எழுந்தார். அப்பா, சார், அன்னைக்கு வண்டிய ஓட்டிப் பாத்தது நான் இல்ல, இவதான், இவ சொல்றத கொஞ்சம் கேளுங்க என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு, பிரேக் சரியாகல சார், அறுபதுக்கு மேல போனா துடிக்குது, ஞாயித்துக்கிழமை எடுக்காதீங்க என்றேன். கீழ போட்டதும் நீதானா என்றார். ஆமா சார் என்றேன். எங்க என்றார். காலேஜ் பஸ் ஸ்டாப்புல என்றேன். அவர் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, அதானே, ரெண்டு வாரமா அந்தப் பொண்ணுங்க என்னைப் பாத்து, அங்கிள், இடுப்பு சரியாயிடுச்சான்னு கேக்குதுங்க, நான் எங்கம்மா விழுந்தேன்னு கேட்டா இன்னும் சிரிக்குதுங்க, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு என்றார். உள்ளே அவர் மனைவி சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, கீறல் போனா போகட்டும் மாஸ்டர், பிரேக் நல்லாருக்குன்னு நீங்க சொன்னீங்க, அத நம்பித்தான் என் வீட்டம்மாவ ஏத்திக்கிட்டுப் போக இருந்தேன் என்றார். பஸ்லயே போலாங்க, எனக்கும் முதுகு மிச்சம் என்று அந்த அம்மா உள்ளேயிருந்து சொன்னார்கள். அவர் சாவியை எடுத்து வந்து, ஓட்ட வேணாம், தள்ளிக்கிட்டுப் போங்க, டிஸ்க்க மாத்துங்க, மாத்தினப்புறம் யாரு ஓட்டிப் பாத்தாங்களோ அவங்களே வந்து எங்கிட்ட சொல்லணும் என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள நான் பின்னால் தள்ளினேன். கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. டயர்க்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மாஸ்டர், மறுபடியுமா என்று கத்தினார். அப்பா வண்டியை நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மறுபடியும் இல்ல, முன்னாடியும் இல்ல, அன்னைக்கு போட்டது பாப்பா, பொய் சொன்னது நான் என்றார். டயர்க்காரர் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வண்டி கனமாக இருந்ததால் கையை எடுக்க முடியவில்லை, தள்ளிக்கொண்டே வந்தேன். அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. பத்தொம்பது நாளா என் வாயில விழுந்தீங்களே, தொறந்து சொன்னா என்ன என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு, என் காலுக்கு மருந்து போட்டுவிட்டாள். என்னோடு இன்னும் பேசவில்லை. மருந்து போடும்போதும் பேசவில்லை.

இதையெல்லாம் வேறு தாளில் நல்லபடியாக எழுதிவிடட்டுமா, முதலில் நீங்கள் சொன்ன கண் விஷயத்தை அடித்துவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். அடிக்காதே, நான் என்ன சொன்னேன்னு அவனும் பாக்கட்டும் என்றார். அதனால் அப்படியே அனுப்புகிறேன். கடைசியில் எழுதச் சொல்லி அவர் சொன்னது இது.

பெரியவனே, என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. கடையை மூடவில்லை. சித்தப்பாவிடம் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டேன். போன வண்டிகள் திரும்பி வருமா என்று தெரியாது, இனிமேல் வருகிறவர்களிடம் ஓட்டிப் பார்ப்பது யார் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன், இஷ்டம் இருந்தால் விடட்டும். டிஸ்க் நாளைக்கு வருகிறது, பாப்பாதான் மாட்டப் போகிறாள், அவள்தான் ஓட்டிப் பார்த்து, அவள்தான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போகிறாள். பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லி, அதை இன்னொரு பிள்ளையின் கையால் எழுதவும் வைத்தவன் என்ற வெட்கம் எனக்கும் இருக்கிறது. நீ கோபப்பட்டால் நியாயம்தான். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், போன இடத்தில் நல்ல பேர் எடுக்க வேண்டும், அது போதும் எங்களுக்கு. வருஷக் கடைசிக்குள் உன் பாஸ்போர்ட் தேதியைப் பார்த்துப் புதுப்பிக்க மறந்துவிடாதே. பதில் போடும்போது என்னைத் திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டு, ஆனால் அதைப் பாப்பாதான் எனக்குப் படித்துக் காட்டுவாள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எழுது.

இப்படிக்கு,
உன் நலம் நினைக்கும்
அப்பா

அண்ணா, என்னையும் திட்டி எழுது. ஒரு வரிகூட விடாமல் சத்தமாகப் படிக்கிறேன்.

எழுதியவள்,
பாப்பா